சென்னையில் காந்தச் சரிவு 25 டிகிரியா, 14 டிகிரியா? (பிளஸ் டூ கணக்கு ஒன்று உதைக்கிறது)

நிலாச்சோறு · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ, சென்னை. காந்தவியல் பாடத்துல ஒரு சந்தேகம்.

எங்க புத்தகத்துல சென்னையோட காந்தச் சரிவு (காந்த ஊசி கிடைத்தளத்துலேர்ந்து கீழ சாயற கோணம்) 14 டிகிரி 16 நிமிஷம்னு போட்டிருக்கு. டியூஷன்ல சார் ஒரு வாய்ப்பாடு கொடுத்தார். பூமியை ஒரு காந்த இருமுனையா (ஒரு வடமுனை, ஒரு தென்முனை மட்டும் இருக்கிற சின்னக் காந்தம் மாதிரி) எடுத்துக்கிட்டா, சரிவுக் கோணத்தோட டேன் = 2 × அட்சக் கோணத்தோட டேன். சரி, போட்டுப் பார்ப்போம்னு உக்காந்தேன். சென்னை அட்சம் 13.08 டிகிரி. அதோட டேன் 0.2323. ரெண்டால பெருக்கினா 0.4647. கோணம் 24.9 டிகிரி.

புத்தகத்தைவிட 10 டிகிரிக்கு மேல அதிகம். மூணு தடவை போட்டாச்சு. கால்குலேட்டர் ரேடியன்ல நிக்குதான்னும் பார்த்தாச்சு, இல்ல. சார்கிட்ட காட்டினா "இது பரீட்சைக்கு வராது, விடு"ன்னுட்டார். யாராவது சொல்லுங்க, எது தப்பு? வாய்ப்பாடா, புத்தகமா, நானா?

சுருள்கம்பி · ஞாயிறு, இரவு 10:15

மூணும் இல்ல. நீங்க போட்ட 13.08-லதான் கோளாறு.

அந்த வாய்ப்பாட்டுல வர்ற அட்சம், இருமுனையோட நடுவரையிலிருந்து (ரெண்டு முனைக்கும் சரி நடுவுல பூமியைச் சுத்திப் போற கோடு) அளந்த அட்சம். பூமி சுழல்ற அச்சும் இந்த இருமுனையோட அச்சும் ஒண்ணு கிடையாது. 2020 கணக்குப்படி ரெண்டுக்கும் நடுவுல சுமார் 9.4 டிகிரி சாய்வு. இருமுனை அச்சு வடக்கே வெளிய வர்ற இடம் 80.7 டிகிரி வடக்கு, 72.7 டிகிரி மேற்கு. கனடாவோட வடகோடி.

நாம அதுக்கு ஏறக்குறைய எதிர்ப்பக்கம் இருக்கோம். அச்சு அமெரிக்கா பக்கம் சாஞ்சிருக்கிறதால, காந்த நடுவரை நம்ம பக்கம் வடக்கே ஏறி வந்திருக்கு. அதனால சென்னை காந்த நடுவரைக்குப் பக்கத்து ஊராயிடுது. கோள முக்கோணவியல்ல போட்டா சென்னையோட காந்த அட்சம் 4.7 டிகிரிதான் வரும். டேன் 0.0826, ரெண்டால பெருக்கினா 0.165. கோணம் 9.4 டிகிரி.

(சாய்வும் 9.4, விடையும் 9.4. தற்செயல்தான், குழப்பிக்காதீங்க.)

நிலாச்சோறு · ஞாயிறு, இரவு 10:31

நன்றி அண்ணா. ஆனா இப்ப வேற தலைவலி. முன்னாடி 10 அதிகமா இருந்துச்சு, இப்ப 5 குறையுது! 14.3 எப்ப வரும்?

பொரிகடலை · ஞாயிறு, இரவு 10:50

இவ்ளோ எதுக்கு? பூமிக்குள்ள ஒரு பெரிய சட்டக் காந்தம் இருக்கு. யாரோ அதைக் கொஞ்சம் கோணலா வெச்சுட்டாங்க. நம்ம மேஸ்திரி வேலை மாதிரி. 5 டிகிரி எல்லாம் பூச்சு வேலையில சரிக்கட்டிடலாம்.

சீரியஸா ஒரு கேள்வி. வடக்கே இருக்கிறது வடமுனைன்னா, காந்த ஊசியோட வடமுனை அங்க போய் எப்படி ஒட்டும்? ஒத்த முனைகள் விலக்கணும்ல?

ஓய்வுபெற்ற வாத்தியார் · திங்கள், காலை 5:50

பொரிகடலை அவர்களின் இரண்டாம் கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். புவியின் வடக்கே இருப்பது காந்தவியல் கணக்கில் தென்முனை. ஊசியில் 'வடமுனை' என்பது வடக்கை நாடும் முனை என்பதன் சுருக்கம். பெயர் வைத்ததில் வந்த குழப்பம்தான், இயற்கையில் குழப்பம் இல்லை.

ஆனால் "உள்ளே ஒரு சட்டக் காந்தம்" என்பதை விளையாட்டுக்குக்கூட விட்டுவைக்கக் கூடாது. முப்பது வருடம் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாவம் செய்தவன் நான். உருண்டை பூமி, அதற்குள் சாய்வாக ஒரு செவ்வகம், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். பிள்ளைகள் அதை நிஜமென்றே நம்பிவிடுகிறார்கள். இரும்பு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத் தன்மையை இழந்துவிடும். அதுதான் கியூரி வெப்பநிலை. பூமிக்குள் சில பத்து கிலோமீட்டர் இறங்கினாலே அந்தச் சூடு வந்துவிடுகிறது. நடுவிலோ ஆயிரக்கணக்கான டிகிரி. அங்கே நிலைக்காந்தம் ஒன்று உட்கார்ந்திருக்க வழியே இல்லை.

"பூமியே ஒரு பெரும் காந்தம்" என்று வில்லியம் கில்பர்ட் 1600-ல் எழுதினார். உருண்டையாகச் செதுக்கிய காந்தக்கல்லின் மேல் சின்ன ஊசியை நகர்த்தி, ஊசி எங்கே படுக்கிறது, எங்கே குத்திட்டு நிற்கிறது என்று பார்த்தார். வடிவத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். காரணம் வேறு, உள்ளே உருகி ஓடும் இரும்பு, என்று தெரிய முந்நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

தம்பி நிலாச்சோறு, அந்த வாய்ப்பாடு எங்கிருந்து வருகிறது என்று டியூஷனில் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு வரிதான். காந்தத் திருப்புத்திறனை (காந்தத்தின் பலத்தையும் திசையையும் சேர்த்துச் சொல்லும் அளவு) இரண்டாகப் பிரி. ஒரு கூறு பூமியின் மையத்திலிருந்து உன் ஊரை நோக்கிய கோட்டில், இன்னொன்று அதற்குச் செங்குத்தாக. முதல் கூறுக்கு நீ அச்சுக்கோட்டில் இருக்கிறாய், இரண்டாவதற்கு நடுவரைக் கோட்டில். ஒரே தூரத்தில் அச்சுக்கோட்டுப் புலம் நடுவரைப் புலத்தைப்போல் இரு மடங்கு என்று மனப்பாடம் செய்திருப்பாயே, அந்த 2 தான் இந்த 2. முதல் கூறு சைன் கொண்டது, அதுவே செங்குத்துப் புலம். இரண்டாவது கொசைன், அது கிடைத்தளப் புலம். ஒன்றை ஒன்றால் வகுத்தால் முடிந்தது.

நிலாச்சோறு · திங்கள், காலை 6:35

ஐயோ சார், இது இவ்ளோ ஈஸியா! ரெண்டு பாடமும் தனித்தனின்னு நினைச்சிட்டிருந்தேன்.

(நான் தம்பி இல்ல சார், தங்கச்சி.)

ஓய்வுபெற்ற வாத்தியார் · திங்கள், காலை 6:40

மன்னிக்கணும் அம்மா. பெயரில் சோறு இருந்ததும் பையன் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டில் சட்டக் காந்தம் இருக்கிறதா? காந்த ஊசி? இருந்தால் ஒரு வேலை தருகிறேன். காந்தத்தின் வடமுனை வடக்கே பார்க்கும்படி ஒரு தாளில் வை. காந்தத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் ஊசியை நகர்த்திக்கொண்டே போனால், ஓர் இடத்தில் ஊசிக்கு எங்கே திரும்புவது என்றே தெரியாது. சும்மா தள்ளாடும். அதுதான் நடுநிலைப் புள்ளி: காந்தத்தின் புலமும் பூமியின் கிடைத்தளப் புலமும் ஒன்றையொன்று அடித்துவிட்ட இடம். தூரத்தைக் குறித்துக்கொள். பிறகு காந்தத்தைத் திருப்பி வடமுனையைத் தெற்கே பார்க்க வை. இப்போது அந்தப் புள்ளி காந்தத்தின் அச்சு வழியே வரும். அந்தத் தூரத்தையும் குறி. இரண்டின் விகிதம் என்ன வரவேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் அள.

எங்கள் காலத்தில் இதுவும் விலகு காந்தமானியும் செய்முறைத் தேர்வில் கட்டாயம். கையில் மோதிரம் போட்டுக்கொண்டு வந்து ஊசி ஏன் ஆடுகிறது என்று விழிப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது உண்டு. தங்க மோதிரம் ஒன்றும் செய்யாது. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துதான் குற்றவாளி.

மொட்டைமாடி · திங்கள், மதியம் 1:05

நான் ஐ.டி.யில இருக்கேன், பிசிக்ஸ் விட்டு 15 வருஷம். ஆனா கையில போன் இருக்கு, போன்ல காந்த உணரி இருக்கு. ஃபைபாக்ஸ்னு ஒரு இலவசச் செயலி இருக்கு, மூணு திசைக் கூறுகளையும் தனித்தனியா காட்டும். சாப்பாட்டு நேரத்துல மாடிக்குப் போய்ட்டேன்.

முதல்ல படுக்கையறையில பார்த்தேன்: 58 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கிற அலகு). கட்டிலை விட்டு நகர்ந்தா 47. பீரோ பக்கத்துல 70-ஐத் தாண்டுது. கான்கிரீட்டுக்குள்ள கம்பி, கட்டில் சட்டம், எல்லாம் தன் பங்குக்கு இழுக்குது. மொட்டை மாடியில தண்ணித் தொட்டியிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல வெச்சதும் 41-ல வந்து நின்னுது.

சரிவுக் கோணத்துக்கு ஒரு தந்திரம். போனோட உணரிக்குச் சொந்தமா ஒரு பிழை இருக்கும். திரையை மேல பார்க்க வெச்சா செங்குத்துக் கூறு −9.2. கவிழ்த்து வெச்சா +11.0. பாதி வித்தியாசம் 10.1, பிழை அடிபட்டுப் போச்சு. கிடைத்தளம் 40. 10.1-ஐ 40-ஆல வகுத்து கோணம் பார்த்தா 14.2 டிகிரி.

புத்தகம் ஜெயிச்சிடுச்சு. திரை மேல பார்க்கும்போது மைனஸ் ஏன்னா, புலம் தரைக்குள்ள குத்துது, போன் மேல்திசையை பிளஸ்னு எடுத்துக்குது.

சுருள்கம்பி · திங்கள், மாலை 6:20

மொட்டைமாடி, அருமை. ஆனா உங்க 41-ஐப் பார்த்தீங்களா? அதுலதான் விஷயம் இருக்கு.

இருமுனைக் கணக்குப்படி சென்னையில எவ்வளவு வரணும்? பூமியோட திருப்புத்திறன் சுமார் 7.7 × 10²² ஆம்பியர் மீட்டர்². அதை 10⁻⁷-ஆல பெருக்கி, 6.37 × 10⁶ மீட்டரோட மும்மடியால வகுத்தா நடுவரையில 29.8 மைக்ரோடெஸ்லா. சென்னைக்கு அது 30-க்குக் கொஞ்சம் மேல. நிஜத்துல 41. கோணத்துல 5 டிகிரி போச்சுன்னு கவலைப்பட்டோம், அளவுல மூணுல ஒரு பங்குக்கு மேல அதிகமா இருக்கு. கணக்குல பத்து ரூபா துண்டு விழுந்தா பரவாயில்லன்னு விடலாம், இது முதல்லயே இடிக்குது.

காரணம், பூமியோட புலம் சுத்தமான இருமுனை இல்ல. பெரும்பங்கு இருமுனை, மிச்சம் வேற. அந்த மிச்சம் எல்லா ஊருலயும் ஒரே மாதிரி இல்ல. தென் அட்லாண்டிக் பக்கம் பிரேசில் கிட்ட மொத்தப் புலமே 22 மைக்ரோடெஸ்லாவுக்கு இறங்கிடுது. துருவப் பக்கம் 67 வரைக்கும் ஏறுது. நம்ம தெற்காசியா இருமுனை சொல்றதைவிடப் பலமான பக்கத்துல இருக்கு.

முதல் திருத்தம் ஒண்ணு எளிமையாப் பண்ணலாம். இருமுனையை மையத்துலயே வைக்காம, கொஞ்சம் நகர்த்தி வைக்கலாம். நிஜப் புலத்தோட நல்லாப் பொருந்துற இடம், மையத்துலேர்ந்து 500 கிலோமீட்டருக்கு மேல, மேற்குப் பசிபிக்கை நோக்கி நகர்ந்திருக்கு. 550-ன்னு வெச்சு நான் போட்டேன்: இருமுனை நமக்கு 280 கிலோமீட்டர் கிட்ட வந்துடுது, மும்மடியில போறதால 30 ஏறி 34-35 ஆகுது. தோராயம்தான். இன்னும் 6 பாக்கி.

அந்த 6-ஐ எந்த ஒத்த இருமுனையாலயும் கொண்டுவர முடியாது. நாலுமுனை, எண்முனைன்னு அடுத்தடுத்த உறுப்புகளைச் சேர்க்கணும். கார்ல் ஃபிரெடெரிக் காஸ் 1839-ல இதைத்தான் செஞ்சார். உலகம் பூரா அளந்த புள்ளிகளை எடுத்து, கோளச் சார்புகளாப் பிரிச்சு, புலம் ஏறக்குறைய முழுசும் பூமிக்கு உள்ளேயிருந்துதான் வருது, வானத்துலேர்ந்து இல்லன்னு காட்டினார். கம்ப்யூட்டர் இல்ல, கால்குலேட்டர் இல்ல. நமக்கு டேன் 13.08 போடவே மூணு தடவை ஆகுது.

நிலாச்சோறு · திங்கள், மாலை 6:44

அண்ணா, கடைசி வரி என்னையத்தானே. :)

ஆனா ஒண்ணு கேக்கணும். உள்ள காந்தமே இல்ல, உருகின இரும்பு ஓடுதுன்னா, வெளிய வர்ற புலம் ஏன் இருமுனை மாதிரியே தெரியணும்? குழம்பு கொதிக்கிற மாதிரி கன்னாபின்னான்னுதானே இருக்கணும்?

சுருள்கம்பி · திங்கள், இரவு 8:10

இந்தக் கேள்விக்காகவே இந்த இழையைப் புத்தகக்குறியில வெச்சுக்கறேன்.

கன்னாபின்னான்னுதான் இருக்கு. நாம தூரத்துல இருக்கோம், அதான் தெரியல.

2,890 கிலோமீட்டர் ஆழத்துல உருகின இரும்புப் பகுதி ஆரம்பிச்சு 5,150 வரைக்கும் போகுது. அதுக்குக் கீழ திட உட்கரு; அது இருக்குன்னு 1936-ல இங்கெ லேமான்ங்கிற டென்மார்க் விஞ்ஞானி நிலநடுக்க அலைகளை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. இரும்பு மேலயும் கீழயும் புரண்டு ஓடும்போது, ஏற்கெனவே இருக்கிற காந்தப்புலத்துல மின்னோட்டம் தூண்டப்படுது. அந்த மின்னோட்டம் புலத்தைத் திரும்ப உண்டாக்குது. சைக்கிள் டைனமோவுல நிலைக்காந்தம் இருக்கும், இதுல அதுவும் கிடையாது, தன்னைத் தானே ஓட்டிக்குது. ஜோசப் லார்மர் 1919-ல சூரியனுக்கும் பூமிக்கும் சேர்த்தே இந்த யோசனையைச் சொன்னார். பூமி சுழல்றது அந்த ஓட்டத்தை அச்சை ஒட்டிச் சுருட்டி ஒழுங்கு பண்ணுது. அதனாலதான் இருமுனை சுழலச்சுக்குப் பக்கத்துலயே நிக்குது.

இப்ப தூரத்துக்கு வருவோம். இருமுனைப் புலம் தூரத்தோட மும்மடியில குறையும். நாலுமுனை நான்மடியில, அடுத்தது ஐம்மடியில. தூரத்தை ரெட்டிப்பாக்கினா இருமுனை 8-ல ஒரு பங்கு, நாலுமுனை 16-ல ஒரு பங்கு. எட்டப் போகப் போகச் சிக்கலான உறுப்புகள்தான் முதல்ல சாகும். கருவோட விளிம்பு (அந்த உருகின இரும்பு ஆரம்பிக்கிற இடம்) மையத்துலேர்ந்து 3,480 கிலோமீட்டர், நாம 6,371. விகிதம் 1.83. அதாவது இங்கேர்ந்து கருவின் விளிம்புக்கு இறங்கினா, இருமுனையோட ஒப்பிட்டா நாலுமுனை 1.83 மடங்கு பெருசாத் தெரியும், எண்முனை 1.83-ஐ ரெண்டு தடவை பெருக்கின மடங்கு. பத்தாவது உறுப்பெல்லாம் அங்க பேயாட்டம் ஆடும். கல்யாண மண்டபத்துக்குள்ள எல்லா வாத்தியமும் கேக்கும், ரெண்டு தெரு தள்ளி நின்னா மேளம் மட்டும்தான்.

வெள்ளவத்தை வாசி · திங்கள், இரவு 10:25

வணக்கம், கொழும்பிலயிருந்து. மொட்டைமாடி அண்ணை சொன்ன மாதிரியே நானும் செய்து பாத்தன். கடற்கரைப் பக்கம், தண்டவாளத்திலயிருந்து நல்லாத் தள்ளி நிண்டுதான்.

எங்கட பக்கம் செங்குத்துக் கூறு கிட்டத்தட்டப் பூச்சியம். நிமித்தி வச்சும் கவிழ்த்து வச்சும் பாதி வித்தியாசம் எடுத்தா 1-ஐத் தாண்டேல்ல, பிளசும் மைனசுமாக் குறி மாறி மாறி வருது. கிடைத்தளம் மட்டும் 40 கிட்ட. அப்ப நாங்கள் காந்த நடுவரையிலயே குடியிருக்கிறம் போல. சென்னையிலயிருந்து இஞ்ச வரேக்க அட்சம் 6 டிகிரிதான் குறையுது, சரிவு 14 குறையுது. டேன் கணக்கில அந்த 2 எப்பிடி வேலை செய்யுதெண்டு இப்பத்தான் விளங்குது.

கேரளத்துத் தும்பாவில ராக்கெட் தளம் வச்சதும் இதுக்காகத்தானே? 1963 நவம்பர் 21 அங்கயிருந்து முதல் ராக்கெட் போச்சு. காந்த நடுவரைக்கு மேல, 100 கிலோமீட்டர் உயரத்தில, பகலில ஒரு மின்னோட்டம் ஓடுது. அதை ஆராயத்தான் விக்ரம் சாராபாய் ஆக்கள் அந்த மீன்பிடிக் கிராமத்தைத் தெரிவு செய்தவை.

ஓய்வுபெற்ற வாத்தியார் · செவ்வாய், காலை 5:45

வெள்ளவத்தை அன்பர் தும்பாவைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தும்பாவுக்கு நூறு வருடம் முன்பே அந்தப் பகுதியில் இதற்காக மலை ஏறியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்த ஜான் ஆலன் புரூன், 1855-ல் அகத்தியமலை உச்சியில் ஒரு காந்த ஆய்வகத்தை அமைத்தார். யானையும் அட்டையும் மழையும் நிறைந்த காடு. கருவிகளைத் தூக்கிக்கொண்டு 6,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். காந்த நடுவரைக்குப் பக்கத்தில், கீழே ஒன்றும் மலையுச்சியில் ஒன்றுமாக ஒரே நேரத்தில் அளக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பொதிகையில் அகத்தியர் தமிழ் தந்தார் என்று மட்டும்தான் நமக்குச் சொல்லித் தந்தார்கள்.

மொட்டைமாடிக்கு: பீரோவும் கட்டிலும் உங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. பம்பாய் கொலாபாவில் 1841 முதல் காந்த அளவீடு நடந்தது. ஊருக்குள் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அந்த மின்னோட்டம் ஊசியைக் கெடுத்துவிடும் என்று ஆய்வகத்தையே கடல் தாண்டி அலிபாக்குக்கு மாற்றினார்கள். 1904 முதல் அங்கேதான்.

பொரிகடலை · செவ்வாய், காலை 9:30

எங்க பக்கத்து வீட்டுல வாஸ்து பார்க்க வந்தவர், போன் காம்பஸை இரும்பு கேட் மேல வெச்சுட்டு "உங்க வாசல் வடகிழக்கு இல்ல, தென்மேற்கு"ன்னு சொல்லிட்டுப் போனார். பாவம், அவங்க சமையலறையை இடிச்சிட்டாங்க. அவருக்கு இந்த இழையோட சுட்டியை அனுப்பறேன்.

கல்லுடைப்பவன் · செவ்வாய், இரவு 9:00

புவியியல் படித்தவன், வேலை மகாராஷ்டிரத்தில். வேலையே கருங்கல்லைத் துளைத்து எடுத்து அதன் காந்தத்தை அளப்பது. ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் முதல் விடையைத் தப்பு என்று மூடிவிட்டீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள காந்தத் தாதுக்கள் கியூரி வெப்பநிலைக்குக் கீழே வரும் கணத்தில் அப்போதிருந்த புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தக்காணப் பாறைகள் 6.6 கோடி வருடம் முன் அப்படி உறைந்தவை. அவற்றுள் சரிவுக் கோணம் சுமார் 48 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வாய்ப்பாட்டைத் திருப்பிப் போட்டால் அட்சம் 29 டிகிரி. குறியையும், புலம் புரண்ட (பூமியின் வட, தென் காந்த முனைகள் இடம் மாறிய) கணக்கையும் பார்த்தால் அது தெற்கு. இன்று அதே பாறை 18, 19 டிகிரி வடக்கில் கிடக்கிறது. இந்தியத் தட்டு எவ்வளவு தூரம் வடக்கே பயணம் செய்தது என்பதற்கு இது சாட்சி. 1950-களில் இங்கிலாந்துக் குழு ஒன்று தக்காணக் கற்களை அளந்து இதைச் சொன்னபோது, கண்டம் நகருமா என்று பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உடனே சுருள்கம்பி கேட்பார்: இன்றைய சென்னைக்கே சரியாக வராத வாய்ப்பாட்டை 6.6 கோடி வருடத்துக்கு எப்படி நம்புவது? கேட்கவேண்டிய கேள்விதான். பதில்: நாங்கள் ஒரு கல்லை அளப்பதில்லை. அடுக்கடுக்கான பல பாய்வுகளிலிருந்து எடுத்து, ஆயிரக்கணக்கான வருடங்களுக்குச் சராசரி போடுகிறோம்.

சராசரி ஏன் உதவும்? இந்தச் சாய்வும் மிச்சமும் நிலையாக நிற்பவை இல்லை. லண்டனில் காந்த ஊசி 1580-ல் உண்மை வடக்கிலிருந்து 11 டிகிரி கிழக்கே நின்றது. 1820 வாக்கில் 24 டிகிரி மேற்கே போய்விட்டது. 240 வருடத்தில் 35 டிகிரி. ஹென்றி கெல்லிபிராண்ட் 1635-லேயே ஊசி காலத்தோடு நகர்கிறது என்று எழுதிவிட்டார். இருமுனையின் பலமும் காஸ் காலத்திலிருந்து இன்றுவரை ஒன்பது, பத்து சதவீதம் குறைந்திருக்கிறது. சில ஆயிரம் வருடம் சேர்த்துப் பார்த்தால், இருமுனையின் அச்சு சுழலச்சைச் சுற்றிச் சுற்றி அலைந்து சராசரியில் அதன் மேலேயே வந்து படிந்துவிடும். நாலுமுனையும் எண்முனையும் சராசரியில் பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும்.

அப்படிச் சராசரி போட்ட பூமியில் காந்த அட்சம் என்று தனியாக ஒன்று கிடையாது. புவி அட்சமே காந்த அட்சம். நிலாச்சோறு, நீ முதலில் 13.08 போட்டாயே, அதைத்தான் நாங்கள் தினமும் போடுகிறோம். இன்றைய சென்னைக்கு 14.3. சில ஆயிரம் வருடச் சராசரிச் சென்னைக்கு 24.9. உன் கணக்கு தப்பில்லை, நீ கேட்ட தேதி வேறு.

நிலாச்சோறு · செவ்வாய், இரவு 9:25

இதைப் படிச்சிட்டு எங்க அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப மார்க் போடுவாங்களா"ன்னு கேட்டாங்க.

சுருள்கம்பி · செவ்வாய், இரவு 9:50

கல்லுடைப்பவன், தோத்துட்டேன். "13.08-லதான் கோளாறு"ன்னு ஆரம்பிச்சது நான்தான். மேல இருக்கிறதைத் திருத்தாம அப்படியே விட்டு வைக்கிறேன், படிக்கிறவங்களுக்கு உதவும்.

ஒரு சின்னச் சேர்க்கை. வடக்கே ரெண்டு முனை இருக்கு, மாத்தி மாத்திச் சொல்லிக் குழப்பறாங்க. நான் சொன்ன 80.7 டிகிரி, பொருத்திப் பார்த்த இருமுனையோட அச்சு. ஊசி நேராக் கீழ குத்துற நிஜ இடம் வேற. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-ல கனடாவோட பூத்தியா தீபகற்பத்துல கண்டது அந்த ரெண்டாவது. இப்ப அது ஆர்க்டிக் கடலைத் தாண்டி சைபீரியா பக்கம் போய்க்கிட்டிருக்கு, இந்த நூற்றாண்டுல வருஷத்துக்கு 50 கிலோமீட்டர் கணக்குல ஓடுச்சு. கப்பல், விமானம், போன் எல்லாம் நம்பற உலகக் காந்த மாதிரியை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பாங்க. இந்த ஓட்டத்தால 2019-ல முன்கூட்டியே திருத்த வேண்டி வந்துச்சு. முதல் முனை அவ்வளவு வேகமா நகரல.

நிலாச்சோறு · சனி, மாலை 5:10

வாத்தியார் சார், வீட்டுப்பாடம் முடிச்சாச்சு.

முதல்ல கணக்கு. அச்சுல 2 மடங்கு, மும்மடியில குறையும். அதனால ரெண்டு தூரத்தோட விகிதம் 2-ன் மும்மடி மூலம், 1.26 வரணும்.

கீழ்வீட்டுல பண்ணினப்ப ஒவ்வொரு தடவையும் புள்ளி வேற வேற இடத்துல வந்துச்சு. மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மரப்பலகை மேல பண்ணினேன். பக்கவாட்டுல 12.9 செ.மீ., அச்சுல 17.8 செ.மீ. விகிதம் 1.38! நாலு தடவை பார்த்தேன், ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல மாறல.

காந்தத்தோட திருப்புத்திறனையும் போட்டேன். கிடைத்தளப் புலம் 40 மைக்ரோடெஸ்லான்னு மொட்டைமாடி அண்ணாவோட அளவை எடுத்துக்கிட்டேன். பக்கவாட்டுத் தூரத்துலேர்ந்து 0.86 வருது, அச்சுத் தூரத்துலேர்ந்து 1.13. ஒரே காந்தத்துக்கு ரெண்டு விடை. பூமி இருமுனை இல்ல, சரி. என் காந்தமும் இருமுனை இல்லையா?

ஓய்வுபெற்ற வாத்தியார் · சனி, மாலை 5:30

காந்தத்தின் நீளம் எவ்வளவு?

நிலாச்சோறு · சனி, மாலை 5:32

10 செ.மீ. சார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் · சனி, மாலை 5:41

10 செ.மீ. காந்தத்தை 13 செ.மீ. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு இருமுனை என்றால் அது எப்படி அம்மா ஒத்துக்கொள்ளும்? சுருள்கம்பி சொன்ன கருவின் விளிம்பில்தான் நீ நிற்கிறாய். மும்மடி விதி, தூரத்தோடு ஒப்பிட நீளம் மிகச் சிறிதாக இருக்கும்போது மட்டும். புத்தகத்தில் "தூரம் நீளத்தைவிட மிக அதிகம் எனில்" என்று ஒரு வரி இருக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை.

அதற்கு முந்தைய முழு வாய்ப்பாட்டை எடு. காந்த நீளம் வடிவியல் நீளத்தில் 6-ல் 5 பங்கு. மறுபடி போடு.

நிலாச்சோறு · சனி, மாலை 6:20

காந்த நீளம் 8.3, பாதி 4.15 செ.மீ.

பக்கவாட்டுலேர்ந்து 1.00. அச்சுலேர்ந்து 1.01.

சார்!!!

மொட்டைமாடி · சனி, மாலை 6:28

நான் ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்து இதைப் படிச்சிட்டு "சூப்பர்"னு சத்தமாச் சொல்லிட்டேன்.

பொரிகடலை · சனி, இரவு 8:00

எல்லாம் சரி. பரீட்சையில சென்னையின் சரிவு எவ்வளவுன்னு கேட்டா எதை எழுதறது? 24.9-ஆ, 9.4-ஆ, 14.2-ஆ?

ஓய்வுபெற்ற வாத்தியார் · சனி, இரவு 8:04

14 டிகிரி 16 நிமிடம். நிமிடத்தை விட்டுவிடாதே, அரை மார்க் போய்விடும்.